அளவும் ஆற்றலும்

நுழையும்முன்

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது ஒரு பழமொழி. ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம்’ என்பது மற்றொரு பழமொழி. முன்னது, உருவத்தைக் கண்டு ஆற்றலை எடைபோடாதே என்கிறது. பின்னதோ, உருவத்தின் பெருமை எளிதில் மறைந்துவிடாது என்கிறது. இரண்டும் ஒரே மண்ணில் பிறந்தவை; இரண்டும் பட்டறிவின் விளைவுகள். இவற்றுள் எது உண்மை? அமெரிக்கக் கல்லூரிகள் தம் கால்பந்து அணிகளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுதோறும் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. அதற்கு அவை காணும் விடையைப் பொறுத்தே பல இளைஞர்களின் உயர்கல்வி அமைகிறது.

ஆட்டமும் ஆடுகளமும்

கால்பந்து என்னும் சொல் உலகின் பெரும்பாலான நாடுகளில் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் அச்சொல், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கிறது. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் மோதிய ஆட்டமே அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

ஓர் அணிக்குப் பதினொருவர் களமிறங்குவர். ஆடுகளத்தின் இரு இலக்குக் கோடுகளுக்கு இடையே 100 கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர் தொலைவு இருக்கும். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். ஒவ்வோர் அடி நிலத்திற்கும் உடலோடு உடல் மோதும் ஆட்டம் இது.

இவ்வாட்டத்தில் எல்லா வீரர்க்கும் பணி ஒன்றன்று. முன்வரிசையில் நிற்கும் ஐவர், எதிரணியினரைத் தம் உடலால் தடுத்து நிறுத்துவர். இவர்களுக்குத் தடுப்பு வரிசையினர் என்று பெயர். இவர்களுக்குப் பின்னே நின்று ஆட்டத்தை இயக்குபவர் குவார்ட்டர்பேக். பந்தை யாரிடம் கொடுப்பது, எத்திசையில் எறிவது என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்பவர் இவரே. பந்தை ஏந்தி எதிரணியின் இடைவெளிகளில் புகுந்து ஓடுபவர் ஓட்ட வீரர். தொலைவில் ஓடிச் சென்று, எறியப்படும் பந்தைப் பற்றுபவர் ஏற்கும் வீரர். பணிகள் வேறுபடுவதால் அவற்றுக்குரிய உடல்களும் வேறுபடுகின்றன. ஆகவே, ‘வீரரின் அளவு முக்கியமா?’ என்று பொதுவாக வினவினால் விடை கிடைக்காது. ‘எந்தப் பணிக்கு?’ என்ற வினாவும் உடன் எழ வேண்டும்.

தேர்வு என்னும் வடிகட்டி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவர்கள் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தில் உறுப்பு வகிக்கும் கல்லூரிகளின் அணிகளில் இடம்பெறுவோர் அவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே. முதல் நிலைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் 85 வீரர்களுக்கு மட்டுமே உதவித்தொகை வழங்கலாம் என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்தது; 2025ஆம் ஆண்டில்தான் அது மாற்றப்பட்டது. முழு உதவித்தொகை பெறும் மாணவருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் ஆகிய அனைத்தும் கிடைக்கும். வசதியற்ற குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞருக்கு அதுவே கல்லூரி வாயிலைத் திறக்கும் திறவுகோலாகவும் அமையலாம்.

இத்தேர்வில் ஈடுபடும் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குச் செல்வர். ஆட்டப் பதிவுகளைக் காண்பர். கோடைக்காலப் பயிற்சி முகாம்களில் மாணவர்களை நேரில் மதிப்பிடுவர். அங்கு உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் ஆகியன அளக்கப்படும். 40 கஜத் தொலைவை ஓடி முடிக்கும் நேரமும் நின்ற இடத்திலிருந்து எம்பும் உயரமும் குறிக்கப்படும். விளையாட்டுச் செய்தி நிறுவனங்கள் இவற்றையும் ஆட்டத்திறனையும் சேர்த்து மாணவர்களுக்கு ஐந்து விண்மீன் வரை தரம் வழங்கும்.

உருவ அளவு இத்தேர்வில் முன்னிடம் பெறுவதற்குக் காரணங்கள் உள. உயரத்தையும் எடையையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆட்டத்தின் போக்கை முன்னறியும் கூர்மையையோ தோல்வியில் தளராத உள்ளத்தையோ அவ்வாறு எழுத இயலாது. அவற்றை அறியப் பல மணி நேரம் பொறுமையுடன் காண வேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்களை ஆராய வேண்டிய பயிற்றுநருக்கு, எண் ஓர் எளிய வடிகட்டியாகிறது. மற்றொரு காரணமும் உண்டு. பேருருவம் கொண்ட மாணவரைத் தேர்ந்தெடுத்து அவர் சோபிக்காவிடில், பயிற்றுநரை எவரும் பெரிதாகக் குறை கூறார். சிற்றுருவினரைத் தேர்ந்தெடுத்து அவர் தோற்றாலோ, ‘முன்பே தெரியாதா?’ என்ற பழி வந்து சேரும். எனவே, அளவை நம்புவது பல வேளைகளில் அறிவின் முடிவாக மட்டுமன்றி, அச்சத்தின் முடிவாகவும் அமைந்துவிடுகிறது.

எடையின் வலிமை

அளவு முக்கியமன்று என்று கூறுவதும் உண்மைக்கு மாறானதே. முன்வரிசையில் நிற்பவர் தம்மை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரியை இரண்டு மூன்று நொடிகளேனும் தடுத்து நிறுத்தினால்தான் குவார்ட்டர்பேக் பந்தை எறிய முடியும். இப்பணிக்கு எடை வேண்டும். எதிரியை எட்ட நிறுத்த நீண்ட கைகளும் வேண்டும். முன்னணிப் பல்கலைக்கழகங்களின் தடுப்பு வரிசையில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ எடைக்குக் குறைந்தவரைக் காண்பது இன்று அரிது. ‘ஓடவும் தடுக்கவும் கற்பிக்கலாம், உயரத்தைக் கற்பிக்க முடியாது’ என்பது பயிற்றுநர்களிடையே நிலவும் பொதுவான கருத்து.

இதனை இயற்பியல் கொண்டும் விளக்கலாம். ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் அதன் உந்தம் கிடைக்கும். 136 கிலோ நிறையுள்ள வீரர் நொடிக்கு 6 மீட்டர் விரைவில் ஓடிவந்தால் அவரது உந்தம் 816 அலகு. 102 கிலோ நிறையுள்ள வீரர் அதே உந்தத்தைப் பெற வேண்டுமாயின் நொடிக்கு 8 மீட்டர் விரைவில் ஓட வேண்டும். நீண்ட தொலைவு ஓடிப் பெற வேண்டிய இந்த விரைவை, எதிரிகள் முகத்துக்கு முகம் நிற்கும் முன்வரிசையில் பெற வழியில்லை. இடைவெளி குறுகக் குறுக, எடையின் பயன் கூடுகிறது.

ஆனால், அக்கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். இடைவெளி விரியும்போது விரைவு தன் ஆற்றலைக் காட்டத் தொடங்குகிறது. இயக்க ஆற்றலைக் கணக்கிடுகையில் விரைவு இருமடியாகப் பெருக்கப்படுகிறது. மேற்கூறிய இருவருள் 136 கிலோ வீரரின் இயக்க ஆற்றல் 2,448 ஜூல். 102 கிலோ வீரரின் இயக்க ஆற்றல் 3,264 ஜூல். உந்தம் ஒன்றாக இருப்பினும் விரைந்து வருபவரே மிகுந்த ஆற்றலைத் தாங்கி வருகிறார். மேலும், உயரம் குறைந்தவரின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். அதனால் அவர் எளிதில் நிலைகுலையார். ஓட்டத்தின் நடுவே சட்டெனத் திசைமாற்றவும் வல்லவராவார். எதிரியைக் காட்டிலும் தாழ நின்று மோதுபவரே வெல்வார் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துவதும் இதனாலேயே.

விதி மாறியபோது

எந்த உடல் சிறந்தது என்பதை இயற்கை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆட்டத்தின் விதிகளும் முடிவு செய்கின்றன. இதற்கு அவ்வாட்டத்தின் வரலாறே சான்றாகும்.

1892ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக அணியினர், யேல் அணிக்கு எதிராகப் புதியதொரு வியூகத்தை அமைத்தனர். வீரர்கள் இரு பிரிவாகத் தொலைவிலிருந்து விரைந்து ஓடிவந்து, ஆப்பு வடிவில் ஒன்றுகூடி எதிரணியின் ஒரே புள்ளியைத் தாக்கினர். ‘பறக்கும் ஆப்பு’ எனப் பெயர்பெற்ற இவ்வியூகம் விளைத்த காயங்கள் மிகுந்தமையால் 1894ஆம் ஆண்டிலேயே அது தடைசெய்யப்பட்டது. எனினும், கூட்டமாக மோதி முன்னேறும் முறை தொடர்ந்தது, உயிரிழப்புகளும் தொடர்ந்தன. 1905ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தின் கொடுமையைக் குறைக்குமாறு வற்புறுத்தினார். அடுத்த ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி 1906ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

அவ்வொரு விதி ஆட்டத்தின் இயல்பையே மாற்றியது. குறுகிய இடத்தில் மோதிக்கொண்டிருந்த ஆட்டம் அகன்ற களமெங்கும் விரிந்தது. விரைவாக ஓடுவோருக்கும் துல்லியமாக எறிவோருக்கும் இடம் கிடைத்தது. இம்மாற்றத்தை முதலில் உணர்ந்து பயன்படுத்தியோருள் கார்லைல் பள்ளி மாணவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் 1879ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கார்லைல் பள்ளி, அமெரிக்கத் தொல்குடிச் சிறுவர்களை அவர்தம் மொழியிலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் பிரித்து வளர்ப்பதற்காக அரசு நடத்திய விடுதிப் பள்ளியாகும். அப்பள்ளியின் அணியினர் பெரிய பல்கலைக்கழக அணியினரைவிட உடல் எடையில் குறைந்தவர்கள். எடைக்கு எடை மோதினால் வெல்ல இயலாது என்பதை அவர்களும் அவர்தம் பயிற்றுநர் பாப் வார்னரும் நன்குணர்ந்திருந்தனர். எனவே விரைவையும் உத்தியையும் துணைக்கொண்டனர். 1907ஆம் ஆண்டு, பந்தை முன்னோக்கி எறியும் புதிய கலையில் தேர்ந்து, ஹார்வர்டு அணியை 23–15 என்னும் கணக்கில் வென்றனர். 1912ஆம் ஆண்டு, ஜிம் தோர்ப் முன்னின்று ஆட, வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரி அணியை 27–6 என்னும் கணக்கில் வீழ்த்தினர். அப்படைக் கல்லூரி அணியில் ஆடியோருள் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர்.

விதி எதிர்த்திசையிலும் வேலை செய்தது. ஒரே வீரர் தாக்குதலிலும் தடுப்பிலும் தொடர்ந்து ஆட வேண்டும் என்றிருந்த காலத்தில் மிகுந்த எடை ஒரு சுமையாக இருந்தது. 1965ஆம் ஆண்டு முதல் கல்லூரி ஆட்டங்களில் வீரர்களைத் தடையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்றானது. தாக்குதலுக்கு ஓர் அணியும் தடுப்புக்கு வேறோர் அணியும் எனப் பிரிந்தபின், ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி உடலமைப்புத் தேடப்பட்டது. முன்வரிசையினர் சில நொடிகள் மோதிவிட்டு ஓய்வெடுக்க முடிந்தமையால் அவர்தம் எடை ஆண்டுக்காண்டு பெருகியது. 300 பவுண்டு வீரர் என்றாலே வியந்த காலம் மறைந்தது.

தெரியுமா?

1903ஆம் ஆண்டு ஹார்வர்டு அணிக்கு எதிரான ஆட்டத்தில் கார்லைல் மாணவர்கள், உதைத்து அனுப்பப்பட்ட பந்தைப் பிடித்ததும் வட்டமாகக் கூடி நின்றனர். பந்தைத் தம் வீரர் ஒருவரின் சட்டையின் முதுகுப்புறத்தில் மறைத்துவிட்டுப் பல திசைகளிலும் சிதறி ஓடினர். பந்து யாரிடம் உள்ளது என ஹார்வர்டு வீரர்கள் தேடிக்கொண்டிருக்கையில் அவ்வீரர் இலக்குக் கோட்டை அடைந்துவிட்டார். எனினும், அவ்வாட்டத்தில் ஹார்வர்டு 12–11 என்னும் கணக்கில் வென்றது.

அளவுகோலுக்கு அடங்காதவர்கள்

குவார்ட்டர்பேக் உயரமானவராக இருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆறடிக்கும் மேற்பட்ட தடுப்பு வரிசையினரின் தலைக்கு மேலாகக் களத்தைப் பார்த்துப் பந்தை எறிய வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டக் புளூட்டி 5 அடி 10 அங்குல உயரமே உடையவர். முதல் நிலைக் கல்லூரிகளுள் பாஸ்டன் கல்லூரி ஒன்று மட்டுமே அவருக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. 1984ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மயாமி பல்கலைக்கழகத்திற்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பாஸ்டன் கல்லூரி 41–45 எனப் பின்தங்கியிருந்தது. புளூட்டி எறிந்த பந்து 60 கஜத்திற்கும் மேலாகக் காற்றில் பறந்து, இலக்குக் கோட்டைக் கடந்து நின்ற ஜெரார்டு பீலனின் கைகளில் விழுந்தது. இச்சிறிய உருவினரால் அவ்வளவு தொலைவு எறிய இயலாது என்று எண்ணியே மயாமியின் காப்பாளர்கள் பீலனைத் தமக்குப் பின்னே செல்லவிட்டனர் என்பர். 47–45 எனப் பாஸ்டன் கல்லூரி வென்றது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் கோப்பை அவ்வாண்டு புளூட்டிக்கு வழங்கப்பட்டது.

கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வளர்ந்த பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குல உயரமுடைய ஓட்ட வீரர். உருவம் சிறிதென்று கருதிய பெரிய பல்கலைக்கழகங்கள் பல அவரை நாடவில்லை. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1988ஆம் ஆண்டு பதினொரு ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார். 2024ஆம் ஆண்டு ஆஷ்டன் ஜென்ட்டி என்னும் வீரர் பதினான்கு ஆட்டங்களில் 2,601 கஜம் ஓடியும் அச்சாதனையை எட்ட முடியவில்லை. எதிரிகளின் கைகளுக்குக் கீழே நழுவி, நின்ற இடத்திலேயே திசைமாறிய அந்த ஓட்டத்திற்கு அவரது தாழ்ந்த உடலமைப்பே துணைநின்றது. குறையெனக் கருதப்பட்டது அப்பணியில் நிறையாயிற்று.

டெக்சாஸ் மாநிலத்தின் டுரூ பிரீஸ் தம் பள்ளி அணிக்கு 1996ஆம் ஆண்டு மாநில வாகையைப் பெற்றுத் தந்தவர். ஆயினும், ஆறடி உயரமும் முன்னர் நேர்ந்த முழங்கால் காயமும் தடையாயின. பர்டூ, கென்டக்கி ஆகிய இரு பெரிய பல்கலைக்கழகங்களே அவரை அழைத்தன. பர்டூவின் பயிற்றுநர் ஜோ டில்லர், வீரர்களைக் களத்தின் அகலமெங்கும் பரப்பி நிறுத்தும் ஆட்டமுறையைக் கையாண்டார். அதனால் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டிய தேவை குறைந்து, வீரர்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளின் வழியாகப் பார்த்து எறிய முடிந்தது. 2001ஆம் ஆண்டு சனவரியில் பர்டூ அணி, 34 ஆண்டுகளுக்குப் பின் புகழ்மிக்க ரோஸ் பவுல் போட்டியில் ஆடியது.

மோதலே பணியாகக் கொண்ட இடங்களிலும் இத்தகையோர் தோன்றினர். தடுப்பாட்டத்தின் நடுவரிசைக்கு உயரம் போதாதவராகக் கருதப்பட்ட ஆரன் டொனால்டு, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆடி 2013ஆம் ஆண்டின் உயரிய தடுப்பாட்ட விருதுகளை வென்றார். 5 அடி 9 அங்குல உயரமுடைய சாம் மில்ஸ், உதவித்தொகை வழங்காத சிறிய கல்லூரி அணியில் ஆடியவர். தொழில்முறை ஆட்டத்தில் பல பருவங்கள் விளங்கிய அவருக்கு, அவர் மறைவுக்குப் பின் 2022ஆம் ஆண்டு புகழ் மன்றத்தில் இடமளிக்கப்பட்டது.

விதிவிலக்குகள் உணர்த்துவது

இத்தகைய வரலாறுகளைக் கேட்போர், அளவு பொருட்டன்று என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிடக்கூடும். அது சரியான முடிவன்று. வென்றவர்களின் கதைகளே நினைவில் நிற்கின்றன. உடல் போதாமையால் களத்தில் நிலைக்க இயலாதவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைப்பதில்லை. சில விதிவிலக்குகள் ஒரு பொதுப்போக்கைப் பொய்யாக்கா. ஆனால், அப்பொதுப்போக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்னும் எல்லையை அவை காட்டுகின்றன.

மேற்கண்டோரை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்கள் தம் அளவையும் மீறி வென்றார்கள் என்பதைவிட, தம் அளவு தடையாகாத ஆட்டமுறையிலும் பணியிலும் பொருந்தியமையால் வென்றார்கள் என்பதே பொருத்தம். பரவலான ஆட்டமுறை பெருகிய பின், உயரம் குறைந்த குவார்ட்டர்பேக் விதிவிலக்காகக் கருதப்படும் நிலையும் மாறி வருகிறது. ஏறத்தாழ 5 அடி 10 அங்குல உயரமுடைய கைலர் மர்ரி 2018ஆம் ஆண்டிலும், அதே உயரமுடைய பிரைஸ் யங் 2021ஆம் ஆண்டிலும் ஹைஸ்மன் கோப்பையை வென்றனர். தொழில்முறை அணிகளின் தேர்வில் முறையே 2019, 2023ஆம் ஆண்டுகளில் இருவரும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அணியின் ஆட்டமுறையே தேர்வின் அளவுகோலை வகுக்கும் என்பதற்குப் படைக் கல்லூரிகள் சிறந்த சான்று. தரைப்படை, கடற்படை, வான்படைக் கல்லூரி மாணவர்கள் படிப்பு முடிந்ததும் படை அலுவலர்களாகப் பணியேற்க வேண்டும். அதற்குரிய உடல் தகுதி வரம்புக்குள் அவர்தம் எடை அமைய வேண்டும். ஆதலால் 320 பவுண்டு வீரர்களைக் கொண்டு முன்வரிசை அமைப்பது அக்கல்லூரிகளுக்குக் கடினம். அவை எறிதலைக் குறைத்து, பந்து மூவருள் யாரிடம் செல்லும் என்பதைக் கடைசி நொடிவரை மறைத்து ஓடும் முறையை நெடுங்காலம் கையாண்டன. அதில் எதிரியை நேருக்குநேர் தாங்கி நிற்பதைவிட, விரைந்து சென்று குறுக்கிடுவதே முன்வரிசையினரின் பணி. 2007ஆம் ஆண்டு கடற்படைக் கல்லூரி, தொடர்ந்து 43 முறை தன்னை வென்றிருந்த நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தை 46–44 எனத் தோற்கடித்தது இம்முறையைக் கையாண்டே.

வளரும் உடல்

கல்லூரித் தேர்வில் மற்றொரு சிக்கலும் உண்டு. அளக்கப்படுபவர் பதினாறு, பதினேழு வயதுடையவர். பருவ வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே வயதில் நிகழ்வதில்லை. முந்தி வளர்ந்தவர் தம் வயதினரிடையே பெரியவராகத் தோன்றுவார். பிந்தி வளர்பவர் அப்போது சிறியவராகத் தெரிவார். நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே அளவினராக நிற்கக்கூடும். முந்தியவரிடம் காணப்பட்டது திறனா, முன்கூட்டியே வந்த வளர்ச்சியா என்பதைப் பகுத்தறிதல் தேர்வாளரின் கடமையாகும். எனவே தேர்ந்த பயிற்றுநர்கள் இன்றைய எடையோடு நிற்காமல், எலும்புக் கட்டமைப்பையும் தோள் அகலத்தையும் பெற்றோரின் உயரத்தையும் கருத்தில் கொள்கின்றனர்.

ஜே. ஜே. வாட் என்பவர் பள்ளியை முடித்தபோது இரண்டு விண்மீன் தரமே பெற்றிருந்தார். மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிய பின், கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையின்றிச் சேர்ந்தார். அங்கு உடலை வளர்த்து, 290 பவுண்டு எடையுடைய தடுப்பாட்ட வீரராக உருவானார். பின்னர்த் தொழில்முறை ஆட்டத்தில் சிறந்த தடுப்பாட்ட வீரருக்கான விருதை மூன்று முறை பெற்றார். எடையைக் கூட்டலாம், உயரத்தைக் கூட்ட இயலாது, ஆட்டநுட்பத்தைக் கற்பிக்கலாம், கற்கும் விருப்பத்தைக் கற்பிப்பது அரிது. எதை ஆக்க முடியும், எதை ஆக்க முடியாது என்பதை அறிந்தவரே நல்ல தேர்வாளர்.

எடையின் விலை

எடை கூடினால் உதவித்தொகை கிட்டும் என்ற நிலை ஏற்படும்போது, வளரும் பருவத்து மாணவர் தம் பசிக்கு மேலும் உண்ணத் தலைப்படுவர். தசையோடு கொழுப்பும் சேரும். மிகுந்த உடல் எடை குருதி அழுத்தம், நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். தொழில்முறை வீரர்களைக் குறித்து அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முன்வரிசை வீரர்களிடையே இதய நோயால் ஏற்படும் இறப்பு மிகுந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. பேருடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது என்பதும் ஓர் இடர். 2001ஆம் ஆண்டு கோரி ஸ்டிரிங்கர் என்னும் முன்வரிசை வீரர் கோடைப் பயிற்சியின்போது வெப்பத்தாக்குதலால் உயிரிழந்தார். அவர் பெயரால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஆய்வு நிறுவனம், விளையாட்டு வீரர்களின் திடீர் இறப்பைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது.

கல்லூரியில் ஆடும் வீரர்களுள் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்கின்றனர். ஏனையோர் ஆசிரியராகவோ பொறியாளராகவோ வணிகராகவோ வாழ்வைத் தொடர்வர். ஆட்டத்திற்காகச் சேர்த்த எடையோ ஆட்டம் முடிந்த பின்னும் அவர்களோடு வரும். ஆகவே, மாணவரின் உடலைப் பெருக்கச் சொல்லும் கல்லூரி, ஆட்டம் முடிந்தபின் அதனைக் குறைக்கவும் துணைநிற்றல் அறமாகும்.

தேர்வாளர் காண வேண்டியது

அளவு பயனற்றதும் அன்று. அதுவே எல்லாமும் அன்று. சில பணிகளுக்கு அது ஒரு வாயிற்படி. அதனைத் தாண்டாமல் உள்ளே நுழைவது கடினம். தாண்டிய பின்னரோ அதன் மதிப்புக் குறைந்துவிடும். 310 பவுண்டு வீரருக்கும் 330 பவுண்டு வீரருக்கும் இடையே வெற்றியைத் தீர்மானிப்பவை காலசைவின் விரைவும் நுட்பமும் உள்ளத்தின் உறுதியுமே. வேறு சில பணிகளுக்கு அவ்வாயிற்படியே இல்லை. பழக்கத்தால் அங்கு ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். புளூட்டியையும் சாண்டர்ஸையும் பல கல்லூரிகள் இழந்தது இல்லாத வாயிற்படியை நம்பியதனாலேயே.

பெரிய தேர் நகரச் சக்கரமும் வேண்டும், அச்சாணியும் வேண்டும். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அச்சாணி பயன்படாது. அச்சாணியின் இடத்தைச் சக்கரத்தால் நிரப்பவும் இயலாது. எப்பணிக்கு எவ்வுடல் என்பதை ஆராய்ந்து, இன்றுள்ள உடலோடு நாளை உருவாகும் உடலையும் எண்ணிப் பார்த்து, எண்ணால் அளக்க முடியாதவற்றைப் பொறுமையோடு கண்டறிவதே தேர்வு. அளவுகோல் அப்பணியைத் தொடங்கி வைக்கலாம். ஓர் இளைஞரின் கல்வியும் எதிர்காலமும் அடங்கிய முடிவை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் அளிக்கப்பட்டால், எவ்வெவற்றை அளப்பீர்கள். எவ்வெவற்றை நேரில் கண்டு அறிவீர்கள்? ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடுக.
2. ‘விளையாட்டில் உடலளவே முதன்மையானது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்த ஆண்டு
அ) 1869 ஆ) 1894 இ) 1906 ஈ) 1965

2. பொருத்தமான கூற்றைத் தேர்க.
அ) உந்தம் ஒன்றாக இருப்பின் இயக்க ஆற்றலும் ஒன்றாகவே இருக்கும்.
ஆ) இடைவெளி குறுகும்போது எடையின் பயன் கூடுகிறது.
இ) எல்லாப் பணிகளுக்கும் ஒரே உடலமைப்புப் போதுமானது.
ஈ) விதிவிலக்குகள் பொதுப்போக்கைப் பொய்யாக்கும்.

குறுவினா

1. ‘பறக்கும் ஆப்பு’ வியூகம் தடைசெய்யப்பட்டது ஏன்?
2. குவார்ட்டர்பேக் உயரமானவராக இருத்தல் வேண்டும் எனக் கருதப்பட்டதன் காரணம் யாது?

சிறுவினா

1. பாரி சாண்டர்ஸின் உடலமைப்பு அவரது ஆட்டத்திற்குத் துணைநின்றதை விளக்குக.
2. படைக் கல்லூரிகளின் ஆட்டமுறை அவற்றின் தேர்வு முறையோடு கொண்டுள்ள தொடர்பை எழுதுக.

நெடுவினா

‘எந்த உடல் சிறந்தது என்பதை ஆட்டத்தின் விதிகளும் முடிவு செய்கின்றன’ – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.